200 பார் காற்று

லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய், வாழை இலை, காப்பிப்பொடி எல்லாம் கிடைக்கும். ஏர் ரைஃபிளுக்கு ஓ-ரிங்? ம்ஹூம்!

பக்கத்து ஃபிளாட்காரர் மகளுக்காகப் பழைய 10 மீட்டர் ரைஃபிள் ஒன்று வாங்கியிருந்தார். சிலிண்டரில் காற்றை அடைத்துவைத்துச் சுடும் பிசிபி ரகம். "தாதா, சாயங்காலம் 200 பார், காலையில் 190. லீக்!" என்று வந்து நின்றார். (எஞ்சினியர் என்றால் மிக்ஸியிலிருந்து துப்பாக்கிவரை ரிப்பேர் தெரியும் என்று வங்காளிகளும் நம்புகிறார்கள்.)

எனக்குச் சந்தேகம் ஏசி மேல். 35 டிகிரியில் 200 பார் காட்டுவது 20 டிகிரியில் 190தான் காட்டும். ஏசியை அணைத்துப் பார்த்தோம், அப்போதும் குறைந்தது. சிலிண்டரைக் கழற்றித் தனியே வைத்தால் குறையவில்லை. ஆக, கசிவு ரைஃபிள் பக்கம். மறுபடி மாட்டிச் சோப்புத் தண்ணீர் தடவினால் இணைப்போரம் பொடிப்பொடியாகக் குமிழி. தயாரிப்பாளரின் ஓ-ரிங்கையே வரவழைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவிப் போட்டோம். மெஷின் எண்ணெய் மட்டும் கூடவே கூடாது சாமி, அந்த அழுத்தத்தில் தீப்பிடிக்கலாம்.

கசிவு நின்றது. ஆனால் சிலிண்டரில் பொறித்திருந்த வருடம் 2009! சர்வதேசப் போட்டி விதிப்படி 10 வருடம்தான் ஆயுள். விதியை விடுங்கள், கார் டயரைப் போல 90 மடங்கு அழுத்தம், பிள்ளையின் கைக்குப் பக்கத்தில்.

"லீக்தான் நின்றுவிட்டதே தாதா?"

காற்றை இறக்கிவிட்டுக் காலி சிலிண்டரைக் கையில் கொடுத்தேன்.

"காக்கு, ஞாயிற்றுக்கிழமை மேட்ச்?" என்றாள் மகள்.

கிளப்பில் இரவல் ரைஃபிள் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.