மண்ணெண்ணெய் ரைமிங்

மாசி 8, சனி

இன்றைக்கும் கொதித்தது. கோப்பாயில் வெளிக்கிட்டு நீர்வேலிச் சந்திக்குக்கூடப் போய்ச் சேரவில்லை, றேடியேற்றர் மூடியால் ஆவி சீறத் தொடங்கிவிட்டது. காலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி இழுக்கவில்லை. மணல் ஏற்றிய ட்ரக்டர் ஒன்று என்னை முந்திக்கொண்டு போனது. ஓட்டிய பொடியன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

வீட்டுக்கு வந்து பொனற்றைத் தூக்கினால், மம்மல் பொழுதில் எக்சோஸ்ற் குழாயின் அடி மங்கலாகச் சிவந்து தெரிந்தது. அதைப் பார்த்தபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை. பழியை றேடியேற்றர் மேல் போட்டுவிட்டு, அதைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

மாசி 9, ஞாயிறு

றேடியேற்றரைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீர் அடித்ததில் அரை வாளி துரு வந்தது. மனதுக்குத் திருப்தி, வண்டிக்குப் பயன் இல்லை. திரும்பப் பூட்டி ஓடினால் அதே கொதி, காலை எடுக்கும்போது அதே சைலன்சர் வெடி.

மாசி 11, செவ்வாய்

தைப்பூசம். கோயிலால் வந்து டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்தேன்.

இது 1964ஆம் ஆண்டு மோறிஸ் மைனர் பிக்கப், 1098 சிசி. கம்பியூட்டரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பொயின்ற் திறக்கும் கணத்தில் கொயிலில் மின் எழும்பும், றோட்டர் அதை உரிய பிளக்குக்குக் கொடுக்கும். 1-3-4-2 என்ற ஒழுங்கு. பொயின்ற் இடைவெளி 15 தௌ, அதாவது 0.38 மில்லிமீற்றர், இருக்கவேண்டிய இடத்தில் 8 தௌ கேஜே இறுகிப் போனது. பொயின்றின் நார்க்கால் தேயத் தேய இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பொயின்ற் பிந்தித்தான் திறக்கும், ரைமிங்கும் கூடவே பிந்தும். ஆகவே முதலில் பொயின்ற், பிறகுதான் ரைமிங். மாற்றிச் செய்தால் செய்த வேலையைத் திரும்பச் செய்யவேண்டும். எனக்கு அந்த அனுபவம் உண்டு.

கள்ளனைப் பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். புதுப் பொயின்ற் போட்டு 15 தௌ வைத்தேன். தொடக்கம் சற்றுச் சுகம். கொதி மட்டும் போகவில்லை.

மாசி 13, வியாழன்

றோட்டரை விரலால் திருகிவிட்டால் தானாகத் துள்ளித் திரும்பவேண்டும். இது சோம்பலாகத் திரும்பியது. உள்ளே இருக்கும் எடைகள் துருவேறிக் கிடந்தன. வேகம் கூடும்போது ரைமிங்கை முன்னுக்குக் கொண்டுபோவது அவைதான். எண்ணெய் விட்டு இளக்கினேன். வக்குவம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தேன், உள்தட்டு அசைந்தது, அதில் பிழை இல்லை. வாயெல்லாம் பழைய ஒயில் கசப்பு. மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் சங்கடம்.

மாசி 15, சனி

மாமா வந்தார். 78 வயது, கராச்சை மூடிப் பத்து வருடம். காது கொஞ்சம் மந்தம், ஆனால் எஞ்சின் சத்தம் மட்டும் எப்படியோ கேட்கிறது.

"கைபிடியைப் போட்டு அடி பாப்பம். பெருவிரலை மற்ற விரலோடை சேத்து வை. சுத்திப் பிடிச்சியெண்டால் விரல் முறியும்."

இரண்டு தரம் சுற்றினேன், பிடித்தது. மாமா தலையை ஆட்டினார். "திருப்பி அடிக்கேல்லை. உதைப்பு எவ்வளவு மெத்தையா வருது பார். ரைமிங் பிந்திக் கிடக்கு, மருமோன். பஸ் போனாப் பிறகு கை காட்டுறாய்."

பிஸ்டன் உச்சிக்கு ஏறிவர முன்னமே பொறி விழவேண்டும், நெருப்புப் பரவ நேரம் வேண்டுமே. பிந்தி விழுந்தால் பிஸ்டனைத் தள்ளவேண்டிய சூடு எக்சோஸ்றுக்கும் தண்ணீருக்கும் போகிறது. சிவந்த குழாய், இழுவை இல்லாமை, கொதி, மூன்றுக்கும் காரணம் இந்த ஒன்றுதான். ஒரு கிழமையாக மூன்று வருத்தத்துக்கு மூன்று மருந்து தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிளக் நாலையும் கழற்றிவிட்டு, டிஸ்ரிபியூட்டரின் கம்பிக்கும் பொடிக்கும் இடையில் 12 வோல்ற் பல்ப் ஒன்றைப் பிடித்தோம். பொயின்ற் திறந்ததும் அது எரியும். இந்த எஞ்சினில் ரைமிங் பற்கள் பெல்ற் ஓடும் புலியின் அடியில் இருக்கின்றன. நீளமான பல் உச்சி, மற்றவை 5, 10 பாகை. நான் பாய் விரித்து வண்டிக்குக் கீழே ரோச் லைற்றோடு படுத்தேன், மாமா ஒரு கையால் கைபிடியைச் சுற்றினார். புலி வெட்டு நீளப் பல்லைத் தாண்டி நல்ல தூரம் போன பிறகுதான் "எரிஞ்சிட்டுது" என்றார். அப்பாவின் கையேட்டில் உச்சிக்கு முன் 3 பாகை என்பதைச் சுற்றிப் பென்சில் வட்டம் இருக்கிறது. இங்கே முன்னும் இல்லை, உச்சியும் இல்லை.

மாமா டிஸ்ரிபியூட்டரின் பக்கத்தில் இருந்த கரிய அழுக்கைத் திருப்புளியால் சுரண்டினார். கீழிருந்து சின்ன வரிவரியான நட் ஒன்று வந்தது. ஒரு பக்கம் 'ஏ', மறுபக்கம் 'ஆர்'. முந்த ஏ, பிந்த ஆர். பெற்றோலின் தரத்துக்கு ஏற்பத் திருப்பச் செய்தது. 'ஆர்' பக்கம் கடைசிமட்டும் போய் இறுகியிருந்தது.

"உது கொப்பற்றை வேலை" என்றார் மாமா.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை, மின்சாரமும் இல்லை. ஒஸ்ரினும் மோறிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. வித்தை புதிதல்ல, தோட்டத்து இறைப்பு மெசின்கள் முன்னமே அப்படித்தான், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறும். அப்பா சேலைன் போத்தல் ஒன்றைப் பொனற்றுக்குள் கட்டி, துளித்துளியாகப் பெற்றோல் விட்டுத் தொடக்குவார். எஞ்சின் சூடேறியதும் குழாயை மாற்றுவார். வெள்ளைப் புகை, கண் எரியும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், அடிக்கடி மாற்றவேண்டும், மாற்ற ஒயில் எங்கே? மண்ணெண்ணெயின் ஒக்ரேன் குறைவு. பெற்றோல் ரைமிங்கில் விட்டால் உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோலத் தட்டும். அதனால்தான் 'ஆர்', 'ஆர்', இன்னும் 'ஆர்'. அதுவும் போதாமல் டிஸ்ரிபியூட்டரின் உடம்பையே திருப்பி வைத்திருக்கிறார்.

1995 ஐப்பசி 30 இரவு வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது ஊற்ற ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் இருக்கவில்லை. பிக்கப்பை மாட்டுக்கொட்டிலுக்குள் தள்ளிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனோம். திரும்பி வந்தபோது வண்டி இருந்தது. அப்பா அதைப் பிறகு தொடவில்லை. பனங்குற்றிகளின் மேல் நின்றபடியே இருந்தது, போன மார்கழியில் நான் இறக்கும்வரை.

மாசி 16, ஞாயிறு

வேலை அரை மணித்தியாலம். நட்டுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்து நடுவுக்குக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகே கிளாம்பைத் தளர்த்தலாம். றோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றுவதால் முந்தவைக்க உடம்பை வலஞ்சுழியாகத் திருப்பவேண்டும். 3 பாகையில் பல்ப் எரிந்த இடத்தில் இறுக்கினேன். தொட்டதும் பிடித்தது. சத்தமே வேறு.

மாசி 22, சனி

பாரம் ஏற்றிப் பார்க்காமல் ரைமிங் சரி என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்று இருப்பவை பாலங்கள்தான். ஆறு மூட்டை வெங்காயத்தை ஏற்றி, மாமாவையும் ஏற்றி, செம்மணியால் நாவற்குழிப் பாலத்துக்கு விட்டேன். ரொப் கியர், முப்பது மைல், கால் அடிமட்டும். பாலத்தின் ஏற்றத்தில் மெல்லிய கிலுகிலுப்புக் கேட்டது. எனக்கு முன்னம் மாமாவுக்குக் கேட்டுவிட்டது.

ஓரமாக நிறுத்தி நட்டை 'ஆர்' பக்கம் திருப்பினேன். 11 கிளிக் என்பது ஏறத்தாழ 1 பாகை. பதினொன்று எண்ணினேன். திரும்பப் பாலம் ஏறினோம், இன்னும் கொஞ்சம் கேட்டது. இன்னொரு ஆறு.

"காணும், காணும்" என்றார் மாமா கண்ணாடிக்குள்ளால். "கொப்பரைப் போலை கடைசிமட்டும் போகாதை."

சாவகச்சேரி வரை போய் வந்தோம். கொதிக்கவில்லை. மூட்டைகள் இன்னும் பின்னால்தான் கிடக்கின்றன, காலையில் இறக்கவேண்டும்.