வேலியும் ஆப்பும்

கதை எழுதுகிறவன் கதை எழுதுவதோடு நின்றுவிட்டால் வீட்டில் யாருக்கும் சிரமமில்லை. அறுபது வயதுக்கு மேல் அவனுக்கு மரவேலைப் பைத்தியமும் பிடித்துக்கொண்டால்தான் வம்பு. விளாத்திகுளத்தில் எங்கள் பழைய வீட்டுக்குப் பின்னால், முன்பு பருத்தி அடைத்துவைத்த கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. அதில் பட்டறை போட்டு, என் புத்தகங்களுக்கு நானே அலமாரி செய்வது என்று தீர்மானித்தேன். அதற்கு முதலில் வேண்டியது ஒரு மேஜை ரம்பம்.

பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். வழவழப்பான ஓர் இரும்பு மேஜை. அதன் நடுவே ஒரு பிளவு. பிளவின் வழியே வட்ட ரம்பம் பாதித் தலையை நீட்டிக்கொண்டு சுழலும். ரம்பம் இருந்த இடத்திலேயே இருக்கும். மரத்தைத்தான் நாம் தள்ள வேண்டும். இதில் உயர்ந்தது பெட்டி ரகம். மோட்டாரும் தண்டும் கனத்த இரும்புப் பெட்டிக்குள் அடங்கியிருக்கும். 1939-ல் அமெரிக்காவில் டெல்டா கம்பெனி கொண்டுவந்த 'யூனிஸா' இந்த வம்சத்தின் மூத்த பிள்ளை.

நானும் எல்லோரையும் போல மோட்டாரின் குதிரைச் சக்தியைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று குதிரையா, ஐந்து குதிரையா? சிறு வயதிலிருந்து எனக்குப் பழக்கமான ஆசாரியார் ஒருவரிடம் யோசனை கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் இடது கையை நீட்டினார். அதில் இரண்டு விரல்கள் இல்லை. வாலிபத்தில் ஒரு மரம் அறுக்கும் மில்லில் போனவை.

"குதிரையை அப்புறம் பாருங்க தம்பி. கைடு நேரா நிக்குதான்னு முதல்ல பாருங்க. பலகை கைடுக்கும் ரம்பத்துக்கும் நடுவுல இறுகிச்சு. பலகை என் மேல வந்துச்சு, கை ரம்பத்து மேல போச்சு."

கைடு என்பது மேஜையின் குறுக்கே நகர்த்திப் பூட்டும் நீண்ட சட்டம். மரம் அதை ஒட்டித்தான் போகும். வெள்ளைக்காரன் அதற்கு வேலி என்று பெயர் வைத்திருக்கிறான். பொருத்தமான பெயர்தான். ரம்பத்தின் முன்பக்கப் பற்கள் மேலிருந்து கீழே இறங்கி அறுக்கின்றன. பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே எழும்புகின்றன. வேலி பின்பக்கத்தில் மயிரிழை உள்ளே சாய்ந்திருந்தாலும் மரம் அங்கே இறுகும். எழும்பும் பற்கள் அதைத் தூக்கி நம் மேலேயே எறியும். 10 அங்குல ரம்பம் நிமிஷத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றினால், அதன் பல்லின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர்! வேலியே பயிரை மேய்வது என்பது இதுதான். வேலிக்கும் விறகுக்கும் என்று வந்த சீமைக் கருவேல் எங்கள் கரிசல் முழுவதையும் விழுங்கியதைப் பார்த்தவர்களுக்கு இது புது விஷயமல்ல.

ஆசாரியாரை அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். கடைக்காரர் ஐந்து குதிரை ரம்பத்தை ஓட்டிக் காட்டி அமர்க்களப்படுத்தினார். ஆசாரியார் மின்சார இணைப்பைப் பிடுங்கச் சொன்னார். ரம்பத்தின் ஒரு பல்லில் சாக்கட்டியால் குறி வைத்தார். மேஜையில் நீளவாட்டில் ஓடும் பள்ளத்திலிருந்து அந்தப் பல் வரை அளந்தார். ரம்பத்தைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுவந்து மறுபடி அளந்தார். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் ரம்பம் பள்ளத்துக்கு இணை. பிறகு வேலியைப் பூட்டினார், அவிழ்த்தார், பூட்டினார், பத்து தடவை. ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னும் அளந்தார். ஐந்து குதிரையின் வேலி தடவைக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. பக்கத்தில் நின்ற மூன்று குதிரையின் வேலி அசையவில்லை. அது அமெரிக்காவின் பீஸ்மேயர் என்பவர் பேர்போன ஆக்கிய அமைப்பு. மூலமட்டம் போல, தலைக்கட்டை முன்பக்கத் தண்டவாளத்தில் அழுந்திப் பூட்டும்போதே சட்டம் நேராகிவிடுகிறது. அதையே வாங்கினேன்.

ரம்பத்தின் பின்னால் ஒரு மெல்லிய தகடு உண்டு. அறுத்த பிளவு மறுபடி மூடாமல் காப்பது அதன் வேலை. மரத்தைக் கிடத்தி இரண்டு பேர் இழுத்து அறுத்த காலத்தில் பிளவில் அடித்த ஆப்பின் பேரன் அது. இடைஞ்சலாக இருக்கிறதென்று பலர் இதைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதையை நாம் சிறுவயதில் படித்தது வீண்தான்!

விரல் பட்டவுடனே நின்றுவிடும் ரம்பமும் இருக்கிறது. ஸ்டீவ் காஸ் என்ற பௌதிகம் படித்த அமெரிக்க வக்கீல் 1999-ல் கண்டுபிடித்தது. ரம்பத்தில் நுண்ணிய மின்னோட்டம் இருக்கும். உடல் தொட்டால் அது மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பற்களில் பாய்ந்து, சுமார் 5 மில்லி விநாடியில் ரம்பத்தை நிறுத்திவிடும். விலையைக் கேட்டுப் பின்வாங்கினேன். விரலுக்கு விலை போட்டுவிட்டேனோ என்ற உறுத்தல் இன்னும் எனக்கு உண்டு.

ரம்பம் வந்து சேர்ந்த பிறகும் ஆசாரியார் உள்ளே இறக்க விடவில்லை. "கரிசல் மண்ணு தம்பி. மழைக்கு உப்பும், கோடைக்கு வெடிக்கும். தரை அசைஞ்சா உங்க வேலி என்னத்த நேரா நிக்கும்?" வாஸ்தவம். 200 கிலோவுக்கு மேல் கனக்கும் இரும்பு அது. கொட்டகையில் கரிய மண்ணை வெட்டியெடுத்து, சரள் கொட்டி இடித்து, கம்பி போட்டுக் கான்கிரீட் தளம் போட்டோம். மாதம் ஒன்று போயிற்று. வீட்டில் கேலி செய்தார்கள். கேட்டுக்கொண்டேன்.

கடைசியில் ஒரு நாள் முதல் பலகையை அறுத்தேன். ஆசாரியார் செய்து கொடுத்த தள்ளுகட்டை என் கையில். அவர் பலகை பாயும் வழியில் நிற்காமல் ஒதுங்கி நின்றார். பலகை நூல் பிடித்தாற்போல் இரண்டாயிற்று. மோட்டாரை நிறுத்தினேன். ரம்பம் சுற்றி ஓயும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. பலகையையும் பார்க்கவில்லை. அருகில் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"பத்தும் இருக்கு," என்றார். "இனி அலமாரியைப் பத்திப் பேசலாம்."