வாடகை அறையில் ஒரு மனிதன்

1927ஆம் ஆண்டு பிரித்தானியாவில் திரையிடப்பட்ட ‘த லொட்ஜர்’ என்னும் ஊமைப்படம், அல்பிரட் ஹிச்கொக்கிற்குப் பெரும்புகழ் தேடித்தந்த முதற் படமாகும். மூடுபனி சூழ்ந்த இலண்டனில், பொன்னிறக் கூந்தற் பெண்கள் செவ்வாய்க்கிழமைதோறும் கொலையுண்கின்றனர். அந்நாளில் ஒரு வீட்டின் மாடியறைக்கு முன்பின் அறியாத இளைஞன் ஒருவன் குடிவருகிறான். சுவரிலுள்ள பெண்களின் படங்களை அவன் திருப்பி வைக்கிறான். இரவில் தனியே வெளியே செல்கிறான். வீட்டாரின் ஐயத்துக்கு இவையே போதுமானவை.

ஒலியற்ற படத்தில் காலடியோசையை எவ்வாறு உணர்த்துவது? ஹிச்கொக் கண்ணாடித் தளம் அமைத்து, அறையில் உலாவும் பாதங்களைக் கீழிருந்து படமாக்கினார். தொங்குவிளக்கு ஆடுகிறது, வீட்டார் அண்ணாந்து நோக்குகின்றனர். ஒரு மனிதன் தன் அறையில் நடப்பது, கீழிருந்து அஞ்சி நோக்குவோர்க்குக் குற்றமாகத் தோன்றிவிடுகிறது.

வாடகை அறையில் தங்குவதே குற்றமாகும் நிலை ஈழத்தமிழர்க்கு வெறுங்கதையன்று. கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கேயுள்ள ஈச்சிலம்பற்று மக்கள் 2006ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்தவர்கள். அத்தகைய ஊர்களிலிருந்து கடவுச்சீட்டுக்கும் மருத்துவத்துக்கும் தொழிலுக்குமாகக் கொழும்பு சென்றோர்க்கு லொட்ஜ் அறையே புகலிடமாயிற்று. சோதனையின்போது பிறந்த ஊரின் பெயரே கேள்விகளைப் பெருக்கியது. 2007 யூன் 7ஆம் திகதி, தகுந்த காரணமின்றித் தங்கியிருப்போர் எனக் கூறி, 376 தமிழர் லொட்ஜுகளிலிருந்து வெளியேற்றப்பட்டுப் பேருந்துகளில் வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது.

படத்தின் இறுதியில், கைவிலங்கு இரும்புவேலியிற் சிக்கித் தொங்கும் இளைஞனைக் கூட்டம் தாக்குகிறது. உண்மைக் கொலைஞன் பிடிபட்ட செய்தி வரவே அவன் பிழைக்கிறான். தன் தங்கையைக் கொன்றவனைத் தேடியே அவன் இரவுகளில் அலைந்தான். ஆயின், மரி பெலொக் லவுண்ட்ஸ் 1913இல் எழுதிய மூலநாவலில் அவ்வாடகைக்காரன் இவ்வாறு குற்றமற்றவனாகக் காட்டப்படவில்லை. நாயகனாக நடித்த ஐவர் நொவெல்லோ மக்களின் பெருவிருப்புக்குரிய நடிகர். அவரைக் கொலைஞனாகக் காட்டுதல் இயலாதென்றே முடிவு மாற்றப்பட்டது. ஐயத்தை ஐயமாகவே விட்டுவிட விரும்பியதாக ஹிச்கொக் பிற்காலத்திற் கூறினார். நாயகனைக் காத்தது அவனது புகழே.

லொட்ஜ் அறைகளில் உறங்கியோர் அத்தகைய புகழுடையோர் அல்லர். அவர்களுக்காகக் கதையின் முடிவை மாற்றவல்லது சட்டம் ஒன்றே. அதுவும் பேருந்துகள் புறப்பட்ட பின்னரே வந்தது.