நடுக்கம் எங்கே?

மனிதன் நடுங்கினால் குளிரா, காய்ச்சலா, பயமா என்று விசாரிக்கிறோம். கார் நடுங்கினால் அந்த விசாரணை கிடையாது. பிரேக்கை மிதித்ததும் வண்டி உதறுகிறது என்று சொன்ன மாத்திரத்தில், "டிஸ்க் வளைந்துவிட்டது, மாற்றிவிடுங்கள்" என்று தீர்ப்பாகிவிடுகிறது.

எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டும் இளைஞர் ஒருவர் இந்தத் தீர்ப்புக்கு இரண்டு முறை பணம் கட்டியவர். புது டிஸ்க் போட்டுச் சில மாதம் சுகமாக ஓடும்; பிறகு மறுபடியும் உதறல். மாதத்தில் பத்து நாள் கொடைக்கானல் மலைப்பாதையில் இறங்குகிறவருக்கு இது பணக்கவலை மட்டுமல்ல. பின் ஸீட்டில் குழந்தை குட்டிகளோடு ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும் அல்லவா?

மூன்றாவது முறை அவர் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். பெரியவர் ஸ்பானரைத் தொடவில்லை.

"எங்கே நடுங்குது தம்பி?"

"வண்டி பூராவுந்தான் அண்ணே."

"கையிலேயா, இடுப்பிலேயா?"

வேடிக்கையான கேள்வியாகத் தோன்றியது எனக்கு. ஆனால் விஷயமே அதில்தான் இருந்தது. ஸ்டியரிங் உதறினால் பெரும்பாலும் முன்சக்கரம். ஸீட்டில் அதிர்ந்தால் பின்சக்கரம். பிரேக் போடாமலே நடுங்கினால் முதலில் டயரையும் சக்கரத்தின் பாலன்ஸையும் பார்க்க வேண்டும். பின்னால் டிரம் உள்ள கார் என்றால், ஆளில்லாத இடத்தில் மெல்ல ஓட்டி, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்தால் பின்சக்கரத்தின் குட்டு வெளிப்பட்டுவிடும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் திடீரென்று ஓங்கி மிதிக்கும்போது காலடியில் படபடவென்று துடித்தால் அது நோயல்ல. அந்தச் சாதனம் தன் வேலையைச் செய்கிறது.

இளைஞருக்கு உதறல் கையில். பெரியவர் முன்சக்கரங்களைக் கழற்றினார். டிஸ்கின் ஓரத்தில் டயல் கேஜை நிறுத்திச் சுற்றினார். ஊசி ஆடியது. பல கார்களுக்கு அந்த ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒரு தலைமயிரின் தடிமன்கூட இல்லை! பிறகு டிஸ்கைக் கழற்றிக் காட்டினார். அது உட்காரும் ஹப்பின் முகத்தில் பொருக்குப் பொருக்காகத் துரு. இரண்டு முறையும் அந்தத் துருவின் மேலேயே புது டிஸ்கை வைத்து இறுக்கியிருந்தார்கள்.

துருவால் டிஸ்க் இம்மியளவு சாய்ந்து சுழல்கிறது. பிரேக் போடாத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடம் பேடில் உரசுகிறது. சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மெலிந்துபோகிறது. அப்புறம் பிரேக்கின் பிடி ஒரு சுற்றுக்குள் ஏறி இறங்குகிறது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய பன்னிரண்டு முறை சுழலும். கை அத்தனை முறை உதறும். ஆக, டிஸ்க் வளையவில்லை, தேய்ந்திருந்தது. வீல் நட்டுகளை ஒன்றை இறுக்கியும் ஒன்றைத் தளர்த்தியும் போட்டாலும் இதே கதைதான். கொதிக்கக் கொதிக்க இறங்கிவந்து பிரேக்கை அழுத்தியபடியே நின்றால், பேடின் பொருள் டிஸ்கில் ஒட்டிக்கொண்டும் நடுக்கம் வரும்.

பெரியவர் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார். மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களில் தடிமனை அளந்தார். டிஸ்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாது என்று நிச்சயப்படுத்திக்கொண்டு கடைசலுக்கு அனுப்பினார். திரும்பி வந்ததும் நட்டுகளை எதிரெதிராக, அளவு காட்டும் ரெஞ்சால் இறுக்கினார். கூலி, ஒரு புது டிஸ்கின் விலையில் பாதிகூட இல்லை.

பழுதான சாமானை மாற்றுவது சுலபம். அது ஏன் பழுதாயிற்று என்று கேட்கத்தான் பொறுமை வேண்டியிருக்கிறது. உங்கள் வண்டி உதறினால் பட்டறைக்காரரிடம், "ஹப்பைச் சுத்தம் செய்தீர்களா? ஆட்டத்தை அளந்தீர்களா?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். ஆனால் உதறலோடு பிரேக் பெடல் கீழே அமுங்கினாலோ, வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ கேள்விகளை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். அதை ஓட்டிக்கொண்டு மலை இறங்க வேண்டாம்.