பெண்டு நிமிர்த்தும் பேட்டை!

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்துவிட்டால் சென்னையில் மூன்று பேருக்குக் கொண்டாட்டம். தவளைகளுக்கு, ஸ்கூல் பிள்ளைகளுக்கு, அப்புறம் புதுப்பேட்டைக்கு!

எழும்பூருக்கும் அண்ணா சாலைக்கும் நடுவில், கூவத்தை ஒட்டி இருக்கிறது இந்தப் பேட்டை. எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி ஆதித்தனார் சாலைப் பக்கம் (பழைய பெயர் ஹாரிஸ் ரோடு) நடந்தால், கண்ணுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். கிரீஸ், துரு, பெயின்ட், நடுநடுவே கொஞ்சம் கூவம். சந்தின் இரண்டு பக்கமும் கதவுகள்... வீட்டுக் கதவு இல்லை சார், கார்க் கதவு. பானெட், பம்பர், சீட், கண்ணாடி என்று ஒரு முழுக் காரையே அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி வைத்திருப்பார்கள். 2006-ல் செல்வராகவன் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இங்கே அரிவாளைவிட ஸ்பானர் அதிகம்.

காலையில் தொலைந்த வண்டியைச் சாயங்காலம் இங்கே பாகம் பாகமாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு பழைய ஜோக் உண்டு. சிரித்துவிட்டு, எதை வாங்கினாலும் மறக்காமல் பில் கேளுங்கள்.

மழைக்கு அப்புறம் இங்கே அதிகம் காதில் விழும் வார்த்தை 'பெண்டு'. ஆபீஸில் நமக்கு நிமிர்கிறதே, அதே பெண்டுதான். இங்கே அது ரிம்முக்கு.

நான் போன அன்று ஒரு பட்டறை வாசலில் கழுத்தில் ஐ.டி. கார்டோடு ஓர் இளைஞர். தண்ணீர் தேங்கியிருந்த பள்ளத்தில் காரை இறக்கியிருக்கிறார்.

"அண்ணே, வண்டி லெஃப்ட்ல இழுக்குது. அலைன்மென்ட் பண்ணேன். ரெண்டே நாள்... மறுபடியும் இழுக்குது."

மெக்கானிக் பீடியை அணைத்தார். "கால் சுளுக்கினவனுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தா நொண்டறது நின்னுடுமா தம்பி?"

விஷயமே இதுதான். பள்ளத்தில் விழுந்ததும் நாம் முதலில் ஓடுவது அலைன்மென்ட் மெஷினுக்கு. அது கடைசியாகப் போக வேண்டிய இடம்!

அவர் செய்த வரிசையைக் கவனித்தேன். முதலில் காற்று. ஒரு பக்க டயரில் காற்று குறைந்தாலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். அடுத்து டயரின் பக்கவாட்டை விரலால் தடவினார். புடைப்பு இருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். ஒட்டுப் போட முடியாது, டயரையே மாற்ற வேண்டும். பிறகு வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ரிம் வளைந்திருந்தால் கோலாட்டம் ஆடும். இரும்பு ரிம் என்றால் பெண்டு எடுக்கலாம். அலாய் வீலில் விரிசல் விட்டிருந்தால் மாற்றுவதுதான் உத்தமம். எண்பதைத் தாண்டியதும் ஸ்டியரிங் கையில் நடுங்கினால், ரிம்மையும் பேலன்ஸிங்கையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அதற்கப்புறம்தான் முக்கியமான கட்டம். சக்கரத்தைக் கடிகாரம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். 9-லும் 3-லும் பிடித்து ஆட்டினால் 'லொடக்' என்கிறதா? டை ராட் எண்டைப் பாருங்கள். 12-லும் 6-லும் ஆட்டமா? பால் ஜாயின்ட் அல்லது பேரிங். எதுவும் ஆடவில்லையா? அப்படியானால் லோயர் ஆர்ம் வளைந்திருக்கலாம், புஷ் கிழிந்திருக்கலாம். இளைஞரின் வண்டியில் லொடக்கென்றது 9-3.

"அலைன்மென்ட் பண்ணப்ப பேப்பர் குடுத்தாங்களா? அதுல கேம்பர் என்னான்னு பார்த்தியா?" என்றார் மெக்கானிக்.

அர்த்தமுள்ள கேள்வி. நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் முன்சக்கரத்தில் திருகிச் சரிசெய்ய முடிவது 'டோ' மட்டும்தான். அதாவது, சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் கோணம். சக்கரத்தின் சாய்வான கேம்பருக்குத் திருகாணியே கிடையாது. பள்ளத்துக்குப் பிறகு அது தப்பாகக் காட்டினால், உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது என்று மெஷினே காட்டிக்கொடுக்கிறது! டோ ஒரே ஒரு டிகிரி பிசகினாலும் கிலோமீட்டருக்குச் சுமார் 17 மீட்டர் டயர் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே போகும். டயர் என்னத்துக்கு ஆகும்?

இளைஞர் நேராகப் பக்கத்துக் கடைக்குப் போனார். "பழைய டை ராட் எண்ட் இருக்கா பாய்? புதுசுல பாதி விலைக்குக் குடுங்க."

கடைக்காரப் பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "கதவு கேளு, தரேன். சீட் கேளு, கண்ணாடி கேளு, பாதி என்ன, கால் விலைக்கே தரேன். இது வேணாம் ராஜா. யார் வண்டியில எவ்ளோ அடி வாங்குச்சோ, எனக்கே தெரியாது. ஹைவேஸ்ல நூறுல போறப்ப இது கழண்டுச்சுன்னா, ஸ்டியரிங் உன் கையில இருக்கும், சக்கரம் உன் பேச்சைக் கேக்காது. ஜி.பி. ரோடுல புதுசு கிடைக்கும், போ."

வந்த வியாபாரத்தை வேண்டாமென்று அனுப்பிவிட்டு, பேப்பரை விரித்துக்கொண்டார். புதுப்பேட்டைக்குக் கெட்ட பேர் வைத்தவர்கள் யாராவது அந்தச் சமயம் அங்கே இருந்திருக்கலாம்.

அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகிற ஜெனரல் பாட்டர்ஸ் ரோடுதான் அந்த ஜி.பி. ரோடு. வரிசையாகப் புது ஸ்பேர் கடைகள். ஆர்.சி. புக்கைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரே மாடலில்கூட வருஷத்துக்கு வருஷம் சாமான் மாறும்.

புதுசு மாட்டிய பிறகு, இப்போது போகலாம் அலைன்மென்ட்டுக்கு. ஈ.எஸ்.பி. உள்ள புதுக் காராக இருந்தால், ஸ்டியரிங் சென்சாரையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். முடித்ததும் சமமான, காலியான ரோட்டில் மெதுவாக ஓட்டி, பிடியை லேசாகத் தளர்த்துங்கள். (தளர்த்தத்தான் சொன்னேன், விடச் சொல்லவில்லை!) வண்டி அம்பு மாதிரி நேராகப் போகிறதா? சந்தோஷம். நிம்மதியாக ஆபீஸுக்குப் போய் உங்கள் பெண்டு நிமிரலாம்.

அடுத்த பள்ளம் வரைக்கும்.