காற்று எப்பக்கம்?

ஜெர்மன் மொழியில் அமைந்த பாய்ப்படகுக் கைந்நூல் ஒன்றை ஆங்கிலத்தில் ஆக்கித் தரும் பணி ஒருமுறை என்னிடம் வந்தது. அப்பொழுது ஹாம்பர்க் நகரில் இருந்தேன். படகு செலுத்தப் பயில விரும்புவோர்க்கான நூல் அது. இரு மொழிகளும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள். பணி எளிதில் முடியும் என்று இறுமாந்திருந்தேன். அந்த இறுமாப்பு உடைந்த கதையைத்தான் இங்கே சொல்ல விழைகிறேன்.

தொடக்கம் நம்பிக்கை ஊட்டுவதாகவே இருந்தது. கப்பலின் முன்புறம் நோக்கி நிற்பவனுக்கு வலப்புறத்தை ஜெர்மானியர் ‘ஷ்டொயர்போர்ட்’ என்பர். ஆங்கிலேயர் ‘ஸ்டார்போர்ட்’ என்பர். பின்புறச் சுக்கான் வருமுன் வடகடல் மரக்கலங்களின் வலப்புறத்தில் பொருத்தியிருந்த திசைத்துடுப்பே இரு சொற்களுக்கும் மூலம். இடப்புறம், துடுப்புப் பிடித்தவனின் முதுகுப்புறம். ஆகவே ஜெர்மனில் ‘பாக்போர்ட்’. ஆங்கிலேயர் அதனை ‘லார்போர்ட்’ என்று வழங்கி வந்தனர். ஸ்டார்போர்டும் லார்போர்டும் செவிக்கு ஒன்றுபோல் ஒலித்துக் குழப்பம் விளைத்ததால், 1844இல் பிரித்தானியக் கடற்படை லார்போர்டை விலக்கிப் ‘போர்ட்’ என்னும் சொல்லை ஏற்றது.

முதற்சிக்கல் கயிற்றில் விழுந்தது. பாயின் கீழ்மூலையை இழுத்தும் தளர்த்தியும் காற்றுக்கேற்ப நிறுத்தும் கயிற்றை நம் மரக்கலத்தார் தாமான் என்பர். ஜெர்மனில் அது ‘ஷோட்’, ஆங்கிலத்தில் ‘ஷீட்’. ஷீட் என்றால் விரிப்பு என்று பள்ளியில் படித்தவன் அதைப் பாய் என்றே கொள்வான். ஜெர்மன் சொல்லின் இறுதியில் இன்னுமோர் எழுத்துச் சேர்ந்தாலோ, அது கப்பலின் உள்ளறைகளைப் பிரிக்கும் தடுப்புச் சுவராகிவிடும். ஆங்கிலத்தின் ‘டாக்’ இன்னும் பொல்லாதது. பாயின் முன்கீழ் மூலைக்கும் அதுவே பெயர். முன்முனை காற்றைக் கடக்குமாறு படகைத் திருப்புவதற்கும் அதுவே பெயர். காற்று எப்பக்கம் பட ஓடுகிறோம் என்பதற்கும் அதுவே பெயர். ஜெர்மானியர் இம்மூன்றையும் ‘ஹால்ஸ்’, ‘வெண்டே’, ‘பூக்’ என்று தனித்தனியே வைத்திருக்கின்றனர். ஹால்ஸ் என்றால் கழுத்து. பூக் என்றால் கப்பலின் அணியம்.

முதலிரண்டையும் தாண்டிவிட்டேன். மூன்றாவதில் வீழ்ந்தேன்.

‘ஷ்டொயர்போர்ட்பூக்குக்கு முன் பாக்போர்ட்பூக்’ என்பது ஜெர்மன் மாணவர் மனப்பாடம் செய்யும் விதி. இரு பாய்ப்படகுகள் எதிர்ப்பட்டால் எது முதலில் செல்லலாம் என்பதை அது கூறுகிறது. அதனை நான், ‘ஸ்டார்போர்ட் டாக்குக்கு முன் போர்ட் டாக்’ என்று எழுதினேன். இடத்துக்கு இடம், வலத்துக்கு வலம். அகராதி தலையசைத்தது. பிறர் பார்வையிட வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டேன்.

அவ்வாறிருந்தும், அச்சுக்குப் போகுமுன் கையெழுத்துப்படியை வாங்கிப் படித்த முதிய படகோட்டி ஒருவர் என்னை அல்ஸ்டர் ஏரிக்கு அழைத்துப் போனார். வாய்திறந்து குறை கூறவில்லை. படகு ஓடிக்கொண்டிருக்கையில், “காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது?” என்று கேட்டார். “வலக் கன்னத்தில்” என்றேன். “பாய் எப்பக்கம் விரிந்து நிற்கிறது?” “இடப்பக்கம்.” “ஜெர்மனில் இது பாக்போர்ட்பூக். உங்கள் ஆங்கிலத்தில்?”

எனக்கு நா எழவில்லை.

ஜெர்மானியர் பாய் நிற்கும் பக்கத்தைக் கொண்டு பெயரிடுகின்றனர். ஆங்கிலேயர் காற்று வரும் பக்கத்தைக் கொண்டு பெயரிடுகின்றனர். பாயோ காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்பது. ஆகவே இங்கே ஜெர்மானியரின் இடம், ஆங்கிலேயரின் வலம். 1972இல் வகுக்கப்பட்டு 1977இல் நடைமுறைக்கு வந்த உலகக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 12ஆவது, இடப்புறம் காற்று வாங்கும் பாய்க்கலம் வலப்புறம் வாங்கும் கலத்துக்கு வழிவிட வேண்டும் என்கிறது. என் வாக்கியம் அதைத் தலைகீழாக்கியிருந்தது. என்னை நம்பிப் படித்த ஒரு பிள்ளை, வழிவிட வேண்டிய இடத்தில் படகை நேரே செலுத்தியிருப்பான்.

அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை. அமானிதம் என்னும் சொல்லைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிறர் உடைமையைப் பேணித் திருப்பி ஒப்படைப்பதே அது என்று எண்ணியிருந்தேன். பிறர் சொல்லும் அமானிதமே என்பது அன்றுதான் உறைத்தது. நான் பெட்டி மாறாமல் ஒப்படைத்தேன். உள்ளிருந்த பொருள் மாறிப்போயிற்று.

சுக்கான், மாலுமி என்பவை அரபியிலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள். அவற்றைக் கொண்டுவந்தோர் அகராதி புரட்டியவர்கள் அல்லர். கடலில் ஒரே கலத்தில் உழைத்தவர்கள். சொல்லும் பொருளும் ஒருங்கே அவர்கள் கையில் இருந்தன. என் கையில் இருந்ததோ சொல் மட்டுமே.

மறுநாள் கையெழுத்துப்படி முழுவதையும் மீண்டும் படித்தேன். அதே பிழை வேறு இடங்களிலும் இருந்தது. திருத்தியதோடு நில்லாமல், ஒவ்வோரிடத்திலும் ‘வலப்புறம் காற்று வாங்கும் படகு’, ‘இடப்புறம் காற்று வாங்கும் படகு’ என்று விளங்க எழுதி வைத்தேன். நூல் சற்றே நீண்டது. எவரும் குறை சொல்லவில்லை. இறைவன் காத்தான்.

இன்றும் ஒரு சொல் மிக எளிதாகத் தோன்றும்போது எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகிறேன். காற்று எப்பக்கம் என்று கேட்டுக்கொண்ட பிறகே எடுக்கிறேன்.