ஆறு எண்களும் இரண்டடி நிலமும்

தமிழில் ‘அளத்தல்’ என்னும் சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. மரக்காலால் நெல்லை அளக்கிறோம். சங்கிலியால் நிலத்தை அளக்கிறோம். ஆனால் ஒருவர் நடக்காததை நடந்ததாகச் சொல்லத் தொடங்கினால், ‘என்னப்பா, நன்றாக அளக்கிறாயே!’ என்று சிரிக்கிறோம். மெய்யும் பொய்யும் ஒரே சொல்லில் எப்படிக் குடியேறின என்று நான் வியந்ததுண்டு. சென்ற கோடை விடுமுறையைப் பெரம்பலூரில் ஒரு வரைபட நிலையத்தில் கழித்த பிறகு அந்த வியப்பு சற்றுக் குறைந்தது.

நான் அரியலூரில் கணிதம் பயில்கிறேன். வீடோ வேப்பந்தட்டைப் பக்கம், பச்சைமலை அடிவாரத்தில். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கும் சிமெண்டு லாரிகளுக்கும் வழிவிட்டு ஊர்ந்து வரும் பேருந்தில் அமர்ந்து தேற்றங்களை மனப்பாடம் செய்பவர்களில் நானும் ஒருவன். விடுமுறையில் கைச்செலவுக்கு ஏதேனும் கிடைக்கட்டுமே என்றுதான் அந்த நிலையத்தில் சேர்ந்தேன். வீட்டுப் பிளான், மனைப்பிரிவுப் படம், எப்போதாவது ஒரு கல்யாண மண்டபம், இவையே அங்கு வேலை. எல்லாம் ஆட்டோகேடு என்னும் மென்பொருளில்தான். 1982-இல் முதன்முதலாக வெளிவந்த மென்பொருள் அது. என் தந்தையார் அப்போது அரைக்கால் சட்டை அணிந்து பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்!

அதில் என் மனத்தைக் கவர்ந்தது திரையின் அடியில் கிடக்கும் ஒரு சிறிய வரி. கட்டளை வரி என்பார்கள். நாம் எழுத்தில் கேட்டால் அது எழுத்தில் விடை சொல்லும். ‘டி’, ‘ஐ’ என்று இரண்டு எழுத்துகளைத் தட்டி, ஒரு புள்ளியைத் தொட்டு, மற்றொரு புள்ளியைத் தொட்டால், இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கூறிவிடும். தொடுவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோட்டின் முனையைக் கண்ணளவில் தொட்டால் போதாது. முனையைத் தானே பற்றிக்கொள்ளும் வசதியை இயக்கிவிட்டுத் தொட வேண்டும். இல்லையேல் அது சொல்லும் விடை நம் கைநடுக்கத்தின் அளவாகிவிடும்.

விடையில் ஓர் எண் அன்று, ஆறு எண்கள் வரும். முதலில் தொலைவு. அடுத்து, கிடைத்தளத்தில் கோடு சாய்ந்திருக்கும் கோணம். பிறகு, கிடைத்தளத்திலிருந்து அது மேலேறும் அல்லது கீழிறங்கும் கோணம். கடைசி வரியில் டெல்டா எக்ஸ், டெல்டா ஒய், டெல்டா இசட் என மூன்று: கிழக்கு மேற்காக எவ்வளவு, வடக்கு தெற்காக எவ்வளவு, உயரத்தில் எவ்வளவு என்பவை. வீட்டுப் பிளானில் உயரம் எப்போதும் சுழியே. ஆகவே நிலையத்தில் எல்லோரும் முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குப் படம் போடுகிறவரானால் கடைசி எண்ணைத்தான் முதலில் தேடுவார்.

என் பெரியப்பாவின் நிலம் மலைச்சரிவில் இருக்கிறது. மானாவாரி பூமி, மக்காச்சோளமும் பருத்தியும் மாறி மாறிப் போடுவார். கீழ்க்கோடியில், வரப்பையொட்டி மூன்று வேப்பமரங்கள். அவற்றில் ஒன்று பெரியம்மா வைத்து வளர்த்தது. பெரியம்மா இப்போது இல்லை. கீழ்நிலத்துக்காரர் வேலி போட எண்ணி, பெரியப்பாவின் மேற்கல்லிலிருந்து டேப்பைத் தரையோடு தரையாக இழுத்துப் பார்த்திருக்கிறார். புலப்படத்தில் கல்லுக்குக் கல் 60 மீட்டர். அவர் டேப்பில் 60 முடிந்த இடமோ கீழ்க்கல்லுக்கு இரண்டடி முன்னதாகவே இருந்தது. ‘கல்லைக் கீழே நகர்த்தியிருக்கிறார்கள். இந்த இரண்டடி என்னுடையது, மரமும் என்னுடையது’ என்று அவர் சொல்ல, பேச்சு தடித்துவிட்டது. பதினைந்து ஆண்டுகளாக ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் பந்தி பரிமாறியவர்கள்!

நிலையத்து அண்ணன் தமக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து டோட்டல் ஸ்டேஷன் கருவியை அரைநாள் வாடகைக்கு ஏற்பாடு செய்தார். இரண்டு கல்லும் அளக்கப்பட்டன. புள்ளிகள் கணிப்பொறிக்கு வந்தன. பெரியப்பா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். நான் இரு புள்ளிகளையும் தொட்டேன். எளிதில் விளங்குமாறு எண்களைச் சற்று முழுமையாக்கித் தருகிறேன்:

தொலைவு 60.6712. தளக்கோணம் 53. ஏற்ற இறக்கக் கோணம் 351. டெல்டா எக்ஸ் 36.0000, டெல்டா ஒய் 48.0000, டெல்டா இசட் -9.0000.

பெரியப்பா முதல் எண்ணைப் படித்தார். அவர் முகம் வாடியது. “அறுபத்தேழு சென்டி... இரண்டடி. அவர் சொன்னது நிசந்தானா தம்பி? எங்கப்பா காலத்திலேயே கல்லு நகர்ந்திருக்குமோ?” தம் தந்தையைத் தாமே ஐயுறும் குரல் அது.

“மிச்சத்தையும் படிங்க பெரியப்பா” என்றேன்.

36-ஐயும் 48-ஐயும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 3600. அதன் வர்க்கமூலம் 60. புலப்படம் சொல்லும் அதே 60! மீதமெல்லாம் அந்த 9 மீட்டர் இறக்கம் செய்த வேலை. 351 என்பது மிரட்டும் எண்ணாகத் தோன்றினாலும், முழு வட்டமான 360-க்கு 9 பாகை குறைவு, அதாவது கீழ்நோக்கி ஏறத்தாழ 9 பாகை என்பதே பொருள். (சரியாகச் சொன்னால் 8.53 பாகை, கோணத்துக்குத் தசமம் காட்டும்படி நாங்கள் அமைத்திருக்கவில்லை. தொலைவுக்கோ நான்கு தசமம்! மீட்டரில் நான்காம் தசமம் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கரட்டு நிலத்தில் நட்ட கல்லுக்கு இந்தத் துல்லியம் எதற்கோ!)

பித்தாகரசு பெரியப்பாவுக்கு எட்டாது. ஓட்டு வீடு எட்டும். “உங்க வீட்டுக் கைமரம் எவ்வளவு நீளம், அது மூடுகிற தரை எவ்வளவு அகலம்? இரண்டும் ஒண்ணா?” என்று கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், “கைமரந்தான் நீளம்” என்றார். நிலப்படம் தரையின் அகலத்தைத்தான் சொல்கிறது, கைமரத்தின் நீளத்தை அன்று. சரிவில் படுத்த 60 மீட்டர் டேப், மேலிருந்து பார்த்தால் 59.34 மீட்டர்தான்.

இது புதிய செய்தியுமன்று. 1802-இல் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்தபோது, நூறடி எஃகுச் சங்கிலியைத் தரையில் போட்டு இழுத்துவிடவில்லை. மரத்தொட்டிகளில் கிடத்தி, வெயிலில் எஃகு நீளுமே என்று வெப்பமானியும் வைத்து அளந்தார். இந்திய நிலப்படத்தின் முதுகெலும்பான முக்கோண அளவை அந்தக் கோட்டிலிருந்து வளர்ந்ததே. 

கீழ்நிலத்துக்காரருக்குக் கணிப்பொறித் திரையைக் காட்டிப் பயனில்லை. எங்கள் பெட்டி எங்களுக்குத்தானே சாதகமாகப் பேசும் என்பார். முறைப்படி தீர்ப்பது அரசு சர்வேயரின் பொறுப்பு. மனுப் போடுவதற்கு முன் ஒருமுறை சேர்ந்து அளந்து பார்ப்போம் என்று அழைத்தோம், வந்தார். டேப்பின் கீழ்முனையை அவரையே பிடிக்கச் சொன்னோம். ஐந்தைந்து மீட்டராக, கொத்தனாரின் டியூப் லெவலை வைத்து டேப்பை மட்டமாகப் பிடித்து, முனையிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொட்ட இடத்தில் முளை அடித்து, அங்கிருந்து மறுபடி ஐந்து மீட்டர். படிக்கட்டில் இறங்குவது போலத்தான். ஒவ்வொரு படிக்கும் முக்கால் மீட்டர் இறக்கம். குண்டு ஆடி நிற்பதற்குள் கை கடுத்துவிடும்.

பன்னிரண்டாம் படியில் குண்டு கீழ்க்கல்லுக்கு நான்கு விரற்கடை தள்ளி நின்றது. வேப்பமரம் எங்கள் பக்கம்.

அவர் குனிந்து அந்த நான்கு விரற்கடையைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். டேப்பைச் சுருட்டிக்கொண்டே பெரியப்பாவிடம், “அண்ணே, எனக்குக் கீழே ஒருத்தன் இருக்கானே, அவன்கிட்ட நானும் போன வருசம் தரையோடதான் அளந்து விட்டுக்கொடுத்தேன். தம்பியை நாளைக்கு அங்கேயும் வரச்சொல்றீங்களா?” என்றார்.